கை நிற்கவில்லை என்று சொன்னார்கள்

என் அண்ணி சுந்தரம்மாவுக்கு ஒரு நோயும் இல்லை என்று எங்கள் தோட்டத்தில் இரண்டு வருடம் சாதித்தார்கள். சாதித்தவர்களில் டிஸ்பென்சரி ஐயா உண்டு, கங்காணி உண்டு, அவளுக்குத் தாலி கட்டிய என் அண்ணன் உண்டு. நானும் உண்டு. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குத்திக்காட்ட வேண்டாம். நோயில்லை என்பதற்கு எல்லாரும் காட்டிய சாட்சி ஒன்றே ஒன்றுதான். அவள் கை நிற்கவில்லை.

மாத்தளைப் பக்கம் எல்கடுவையிலிருந்து இன்னும் மேலே ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். என் பெயர் அமிர்தவள்ளி. வேலைக்குப் போகிற தாய்மார் காலையில் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் நான் ஆயம்மா. பதினெட்டுப் பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சி, மூக்குத் துடைத்து, தொட்டில் ஆட்டுவது என் வேலை. அண்ணி மலையில் கொழுந்து பறிக்கிறவள். வயது நாற்பத்து மூன்று. பதினேழு வயதில் கூடை மாட்டியவள்.

அவள் பறிக்கிறதைப் பார்க்க வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டும்தான். அதற்குக் கீழே ஒரு காம்புகூட ஒட்டி வராது. வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும், கை தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். தொழிற்சாலைச் சுவரில், வருகிற வெள்ளைக்காரர்கள் பார்ப்பதற்காக ஒரு பெரிய படம் மாட்டியிருக்கிறார்கள். அதில் இருப்பவை அவளுடைய கைகள். வெறும் கைகள். படமெடுத்தவனுக்கு முகம் தேவைப்படவில்லை, முழங்கையோடு வெட்டிவிட்டான்.

"ஏம் மூஞ்சியப் பாத்தா தேத்தண்ணி கசக்கும்னு நெனச்சிருப்பான்" என்று அண்ணி சொல்லிச் சிரிப்பாள். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் சுடுதண்ணீர் வாங்க என்னிடம் வந்தாள். வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"வள்ளி, ரப்பர் கருகுற வாசம் வருதே. அடுப்புல புள்ளைங்க செருப்பு கிருப்பு விழுந்துருச்சா?"

நான் குனிந்து அடுப்புக்குள் பார்த்தேன். பிள்ளைகளின் செருப்புகளை எண்ணினேன். எல்லாம் இருந்தன. "அண்ணி, ஒங்க மூக்குக்குக் கிறுக்கு புடிச்சிருக்கு" என்றேன். சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் வலது நெற்றிப்பொட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இடி இடிக்கிற மாதிரி வலி என்றாள். இஞ்சி போட்டுத் தேத்தண்ணி கொடுத்துப் படுக்கச் சொன்னேன். அந்த வாசத்தையும் அந்த வலியையும் சேர்த்து நினைக்க எனக்குப் புத்தி போகவில்லை. பதினெட்டுப் பிள்ளைகளுக்கு எங்கே வலிக்கிறது என்று அழுகையை வைத்தே கண்டுபிடிக்கிறவள் நான். வாய் திறந்து சொன்னவளிடம் கிறுக்கு என்றேன்!

பிறகு வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை வந்தது. டிஸ்பென்சரி ஐயா தலையைக்கூட நிமிர்த்தாமல் பெனடோல் மாத்திரை கொடுத்தார். அடுத்த மாதம் வயிற்றில் கேஸ் என்றார். அதற்கடுத்த மாதம், இந்த வயதில் பொம்பளைகளுக்கு இப்படித்தான் என்றார். பொம்பளைகளுக்கு எந்த வயதில்தான் இப்படித்தான் இல்லையோ! பதினைந்தில் போனாலும் அதே பேச்சு, ஐம்பதில் போனாலும் அதே பேச்சு. கண் பரிசோதிக்கிறோம் என்று கோயில் மண்டபத்துக்கு வந்தவர்கள் ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டும் வலித்தது. பக்கத்து லயத்து வரிசைவீட்டுக் கிழவி, ஏழாம் நம்பர் மலையின் மூங்கில் புதரில் காத்து அடித்திருக்கும் என்றாள். அவளாவது ஏதோ ஒன்று அடித்திருக்கிறது என்று ஒத்துக்கொண்டாளே, அந்த மட்டில் அவள் உத்தமி.

தலைவலியைவிட அண்ணியை அரித்தது வேறொன்று. மாலையில் கொழுந்து மடுவக் கொட்டகையில் நிறுக்கும்போது அவள் கூடையில் முத்தின இலை வர ஆரம்பித்தது. நல்ல கொழுந்துக்கு நடுவில் பிடி பிடியாகக் கரடுமுரடான இலை, குச்சி, ஒருநாள் புல்கூட. கங்காணி வீரமலை அதை அள்ளி எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தார்.

"என்னா சுந்தரம்மா, மாட்டுக்கா புல்லு புடுங்குன? நிறை கூட்டப் பாக்குறியா?"

இருபத்தாறு வருடத்தில் அவளை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. அவளுக்குத் தான் எப்போது அதைப் பறித்தோம் என்றே தெரியவில்லை. அன்றைக்கு லயத்துக்கு வந்து இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கள்ளின்னு சொல்லாம சொல்றாரு வள்ளி. நான் போடலடி. சத்தியமா நான் போடல" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

போன தை மாதம், ஒரு பௌர்ணமிப் போயா நாள் லீவில், என்னோடு உட்கார்ந்து பேச வந்தாள். பிள்ளைக்காம்பரா வாசலில் ஒரு செம்பருத்திச் செடி உண்டு. அதன் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து, மகள் ஹம்சிகா உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அந்தப் புள்ள விடிய எந்திரிச்சு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். கண் சுவரைப் பார்த்தபடி நின்றது. வாய் வெற்றிலை மெல்லுகிற மாதிரி மென்றது, வாயில் ஒன்றுமில்லை. கை இரண்டும் செம்பருத்திக்குப் போயின. இலையைக் கிள்ளின. கிள்ளியதைத் தோளுக்கு மேலாகப் பின்னால் எறிந்தன. முதுகில் கூடையே இல்லை.

"அண்ணி" என்றேன். "அண்ணி! என்னா விளையாட்டு இது?" ஐந்து தடவை கூப்பிட்டேன். தோளைப் பிடித்து உலுக்கினேன். மொட்டு, பூ, பழுத்த இலை, எதுவும் பார்க்காமல் பறித்தாள். அவளுக்குப் பின்னால் சிமெந்துத் தரையில் ஒரு குவியல் விழுந்தது. ஒன்றரை நிமிடம் இருக்கும். பிறகு கை தளர்ந்தது. என்னை யாரோ என்று பார்த்தாள்.

"எங்கடி இருக்கேன்? ரப்பர் வாசம் வந்துச்சு... தல போகுதுடி."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செம்பருத்திக்கு முன்னால் செய்ததால் நான் பார்த்தேன். இதையே தேயிலைக்கு முன்னால் செய்தால் யார் பார்ப்பார்கள்? வரிசையில் நிற்கிறாள், கை ஓடுகிறது, கூடையில் ஏதோ விழுகிறது. இருபது பேர் சுற்றி நின்றாலும் அவள் வேலை செய்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். நினைத்தார்கள். இரண்டு வருடம்!

அதைவிட ஒரு பயம் இருந்தது. அப்போது அவளை நிறுத்தியிருந்தது ஏழாம் நம்பர் மலையின் மேல் நிரையில். அந்த நிரை முடிகிற இடத்தில் தேயிலை இல்லை, கல் இல்லை, வேலி இல்லை. நாற்பது அடி கீழே ஓடைப் பாறைதான் இருக்கிறது.

நேரே அண்ணனிடம் போனேன். இராமசாமி அண்ணன் தொழிற்சாலையில் வேலை. அமைதியான மனுசன், கை நீட்டாத மனுசன். ஊரில் நல்ல பெயர். நான் சொன்னதைக் கேட்டு அவர் அதிர்ச்சி அடையவில்லை. வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"எனக்குத் தெரியும். கீர ஆயும்போது ஒரு நாள் பாத்தேன். காம்ப சட்டியில போட்டுட்டு எலைய வீசுறா."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"சத்தம் போடாத. வலிப்புன்னு பேரு வந்துச்சுன்னா ஹம்சிகாவ யாரு வந்து கட்டுவா? பரம்பரன்னு பேசுவாங்க. தலவலின்னு சொல்லுவோம், தலவலிக்கு மருந்து எடுப்போம்."

எடுத்தார்கள். மாத்தளை டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன், உள்ளே நோயாளியோடு ஒருவருக்குத்தான் இடம் என்று என்னை வெளியே உட்காரவைத்தார்கள். அண்ணிக்குச் சிங்களம் கொஞ்சம்தான் வரும். அண்ணன்தான் பேசினார். தலைவலி என்றார். வேறு ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்டாராம். இல்லை என்றாராம். வலி குறைக்கிற மாத்திரையும் விட்டமினும் எழுதித் தந்தார்கள்.

"நீங்களாச்சும் சொல்லக்கூடாதா அண்ணி?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"என்னத்தடி சொல்ல? வாசம் வரும், வயித்துக்குள்ள இருந்து என்னமோ மேல ஏறும். அதுக்கப்பறம் தலவலி. நடுவுல என்னா நடந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் இருந்தாத்தானே?"

அவள் சொன்னது நியாயம். நோயைப் பார்க்க முடியாத ஒரே ஆள் நோயாளிதான், எல்லாரும் அவளிடமே கேட்டார்கள். பார்த்தவர் வாயை மூடிக்கொண்டார். என் அண்ணன் என்பதற்காக நான் அவருக்குப் பரிந்து பேசப் போவதில்லை. மகளுக்கு மாப்பிள்ளை வருவதற்கு முன்னால் அவளுக்குத் தாய் இருக்க வேண்டாமா?

கங்காணியிடம் போய், அண்ணியைக் கீழ் நிரைக்கு மாற்றச் சொன்னேன். அவளுக்கு நினைவு தப்புகிறது, ஓரத்தில் நிறுத்தாதீர்கள் என்றேன்.

"நெனவு தப்புதா? நேத்து நானே பாத்தேன், கை மிசின் மாதிரி ஓடுது. கை நிக்காத பொம்பளைக்கு என்னா சீக்கு?" என்றார். "நீ போய் புள்ளைங்களுக்குப் பாலு காச்சு."

காய்ச்சினேன். காய்ச்சிவிட்டு, எனக்கு உதவிக்கு இருக்கிற பெண்ணிடம் தொட்டில்களை ஒப்படைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு ஏழாம் நம்பருக்கு ஏறினேன். கண்ணால் பார்த்ததை நம்பாதவர்களுக்குப் படமாகக் காட்டுவோம் என்று நினைத்தேன். முதல் நாள் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாள் மழை. மூன்றாம் நாள் கங்காணி என்னைப் பார்த்துவிட்டுக் கீழேயிருந்து கத்தினார். அவர் கத்தட்டும் என்று நின்றேன்.

பத்து மணிக்கு மேல் இருக்கும். அண்ணி கடைசிச் செடிக்கு ஐந்தாறு செடி முன்னால் நின்றாள். பேசிக்கொண்டிருந்தவள் பேச்சு நின்றது. மூக்கு ஒருமுறை சுருங்கியது. வாய் மெல்லத் தொடங்கியது. நான் போனைத் தூக்கிப் பிடித்தேன். கை முத்தின இலையைக் கிள்ளியது, குச்சியை ஒடித்தது, தோளுக்கு மேலாகக் கூடையில் போட்டது. பக்கத்து நிரையில் இருந்தவள் நிமிரவே இல்லை. யாருமே நிமிரவில்லை.

பிறகு அவள் நகர்ந்தாள். செடி முடிந்தால் அடுத்த செடிக்கு நகரும் பழக்கம் காலுக்கும் இருக்கிறதே! ஒரு செடி. இன்னொரு செடி. நான் படமெடுத்துக்கொண்டே நிற்கிறேன், மடச்சி. கடைசிச் செடியும் முடிந்தது. கை வெறும் காற்றைக் கிள்ளியது. கால் இன்னொரு எட்டு வைக்கப் போனது.

"அண்ணீ!" என்று கத்திக்கொண்டு போனைப் போட்டுவிட்டுப் பாய்ந்தேன். கூடையின் கயிறு கையில் சிக்கியது. இழுத்த இழுப்பில் இருவரும் பின்பக்கமாக உருண்டு, மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்தோம். என் இடது மணிக்கட்டு எனக்கடியில் முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அண்ணி என் மேல் கிடந்தாள். கிடந்தபடியே அவள் விரல்கள் என் சேலையைக் கிள்ளிக்கொண்டிருந்தன.

கங்காணி ஓடி வந்தார். வந்தவர் முதலில் பார்த்தது எங்களை இல்லை. "கொழுந்து எல்லாம் கொட்டிப்போச்சே!" என்றார். நான் வாயால் சொன்னதை இங்கே எழுத முடியாது. எழுதினால் பிள்ளைக்காம்பராவிலிருந்து என்னை அனுப்பிவிடுவார்கள்.

என் கைக்குக் கட்டுப் போட்ட அரசாங்க ஆஸ்பத்திரியில் அந்த வாரத்திலேயே நரம்பு டாக்டரின் கிளினிக் இருந்தது. இந்த முறை கதவுக்கு வெளியே உட்கார நான் தயாராக இல்லை. அண்ணன் முன்னால் போகப் பார்த்தார். "நீங்க இங்கயே இருங்க அண்ணே" என்றேன். என் குரலைக் கேட்டு உட்கார்ந்துவிட்டார். டாக்டர் ஒரு நடுவயது அம்மா. தமிழ் தெரிந்த நஸ்மியா என்ற தாதியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். முதலில் தலைவலியைப் பற்றிக் கேட்கவில்லை.

"தலவலி வாறதுக்கு முந்தி என்ன நடக்குதுன்னு டாக்டர் கேக்குறாங்க" என்றாள் நஸ்மியா.

இரண்டு வருடத்தில் அந்தக் கேள்வியை ஒருவர் கேட்டது அன்றைக்குத்தான். வாசத்தைச் சொன்னோம். வயிற்றிலிருந்து ஏறுவதைச் சொன்னோம். வாய் மெல்லுவதை நான் சொன்னேன். போனைக் கொடுத்தேன். கண்ணாடியில் ஒரு கீறல், படம் ஓடியது. டாக்டர் இரண்டு முறை பார்த்தார். மூன்றாம் முறை போனை அண்ணியின் பக்கம் திருப்பினார்.

அண்ணி தன்னைத்தானே பார்த்தாள். தொழிற்சாலைச் சுவரில் இல்லாத அவள் முகம் அதில் இருந்தது. வெறித்த கண், மெல்லுகிற வாய். நான் பயந்து அவள் தோளைப் பிடித்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டுப் படத்துக்குக் கிட்டக் குனிந்தாள். கூடையில் விழுகிற குச்சியைப் பார்த்தாள்.

"அப்ப அந்த முத்துன எலைய நான் பறிக்கல" என்றாள். "வள்ளி, பாத்தியா? நான் பறிக்கலடி." அப்போதுதான் அழுதாள். ஓவென்று அழுதாள், வெளியே இருந்த அண்ணன் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிற அளவுக்கு.

டாக்டர் சொன்னதை நஸ்மியா நிதானமாகச் சொன்னாள். வலிப்பு என்றால் எல்லாருமே கீழே விழுந்து துடிக்க மாட்டார்கள். மூளையில் ஓர் இடத்தில் மட்டும் மின்சாரம் தாறுமாறாக ஓடுகிற வலிப்பும் உண்டு. வாசத்தையும் நினைவையும் பார்க்கிற இடத்தில் அது ஓடினால் இல்லாத ரப்பர் கருகும், ஆள் நின்றபடியே இல்லாமல் போவாள், கை பழகின வேலையைச் செய்யும். அடங்கினபிறகு வருவதுதான் இவளுடைய தலைவலி. எல்லாத் தலைவலியும் இப்படி இல்லை, ஆனால் கூடவே இப்படி ஏதாவது நடந்தால், பார்த்தவர் வந்து சொல்ல வேண்டும். பிறகு எடுத்த ஸ்கேனில் வலது காதுக்கு உள்பக்கமாகத் தேயிலைக் கொட்டை அளவில் ஒரு கட்டி தெரிந்தது. கெட்ட கட்டி மாதிரித் தெரியவில்லை, மெதுவாக வளர்ந்தது, எடுத்துவிடலாம் என்றார்கள். கண்டியில் நாள் குறித்தார்கள். அதுவரை மாத்திரை. மலை, அடுப்பு, ஓடை பக்கம் தனியாகப் போகக்கூடாது.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "பரம்பரையா வருமா?" என்று கேட்டார். "இது கட்டியால வாறது. மகளுக்கு வராது" என்றாள் நஸ்மியா. "வந்தாலும் வெக்கப்பட ஒண்ணுமில்ல" என்று தன்பாட்டில் சேர்த்துக்கொண்டாள். அதை டாக்டர் சொல்லவில்லை. அந்த நஸ்மியா நன்றாக இருக்க வேண்டும்.

தோட்டத்துக்குத் திரும்பிய அன்றைக்கே, சாயங்காலம் நிறுக்கிற நேரத்தில், அண்ணி மடுவத்துக்குப் போக வேண்டும் என்றாள். ஆஸ்பத்திரிக் கடுதாசியைக் கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான் நான் நினைத்தேன். எல்லாப் பெண்களும் கூடையோடு வரிசையில் நின்றார்கள். அண்ணி நேரே தராசுக்குப் பக்கத்தில் போய் நின்று, "கங்காணி, இத பாருங்க" என்று என் போனை நீட்டினாள்.

அவர் பார்த்தார். பின்னால் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் என் கத்தலும், போன் விழுந்த சத்தமும் கேட்டன. வீரமலைக்கு முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் வாயில் வந்தது அதுதான்.

"கை... கை நிக்கவே இல்லையே."

"கை இருந்துச்சு" என்றாள் அண்ணி. "ரெண்டு வருசமா கைய மட்டும் பாத்தீங்க. நான் இருக்கேனான்னு ஒருத்தர் பாக்கல."

எங்களோடு வந்து பின்னால் நின்ற என் அண்ணன், அந்த அமைதியான மனுசன், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "எம் பொஞ்சாதிக்கு வலிப்பு" என்றார். "எனக்குத் தெரியும். நான்தான் மறைச்சேன்." பதினெட்டுப் பிள்ளைகளின் தாய்மாரும் அங்கே நின்றார்கள். எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னார்.

அண்ணி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. போனை என்னிடம் கொடுத்துவிட்டு, முன்னால் நின்ற பெண்ணின் கூடையை எட்டிப் பார்த்தாள். மேலே கிடந்த ஒரு முத்தின இலையை எடுத்து வெளியே போட்டாள். பிறகு அந்தப் பெண்ணின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, கண்ணைப் பார்த்து, "ஒனக்குத் தலவலி ஏதும் இருக்கா புள்ள?" என்று கேட்டாள்.